தவாடி காலத்தில் யாரும் சாகவில்லை

தூதரகத்தில் இந்திரமான் பஸ்னேத் உட்கார்ந்திருந்த மேசைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சாவு மேசை என்றால் காவலாளி முதல் டிரைவர் வரை எல்லோருக்கும் தெரியும். அந்த அரபு நாட்டில் கட்டடம் கட்டவும் ஆடு மேய்க்கவும் போன நேபாளிகளில் வாரத்துக்கு ஆறேழு பேர் செத்துப்போவார்கள். சாரத்திலிருந்து விழுந்து சிலர், லாரியில் அடிபட்டுச் சிலர், மற்றவர்கள் வேலை முடிந்து வந்து படுத்து மறுநாள் எழுந்திருக்காமல். பிணவறையிலிருந்து அரபியில் ஒரு தாள் வரும். இந்திரமான் அதை நேபாளியில் பெயர்த்து முத்திரை குத்துவான். இந்த உடலை ஊருக்கு அனுப்ப எங்களுக்குத் தடை ஏதும் இல்லை என்று ஒரு கடிதம் அடிப்பான். தூதர் கையெழுத்துப் போட்டதும் பெட்டி விமானம் ஏறும். பதினோரு வருஷமாக இதே வேலை.

அவனும் கம்பி கட்டத்தான் போனவன். சாரத்தில் நின்றபடியே மேஸ்திரியிடம் அரபி கற்றுக்கொண்டவன், அந்த அரபியை வைத்துத் தூதரகத்துக்குள் நுழைந்துவிட்டான். சொந்த ஊரான ஓகல்டுங்கா மலையில் சும்மா இருந்த தம்பி ரூபக்கையும் அவன்தான் வரவழைத்து ஒரு கட்டடக் கம்பெனியில் சேர்த்துவிட்டான். வெயில் கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி ஒன்றுமில்லை என்று தம்பி பெண்டாட்டி தேவ்கலாவிடம் சொன்னதும் அவன்தான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் காத்மாண்டுவில் அரசு கவிழ்ந்தது. அங்கே அரசு கவிழ்வதும் குழாயில் தண்ணீர் நிற்பதும் ஒன்று, யாரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அரசு கவிழ்ந்தால் அது வைத்த தூதர்களும் கவிழ வேண்டும். பழைய தூதர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். புதிய கூட்டணியில் நான்கு கட்சிகள், உலகத்தையே ஒரு சாயங்காலத்தில் பங்கு பிரித்தன. ஐரோப்பா பெரிய கட்சிக்குப் போயிற்று. பெருங்கடல்களுக்கு அந்தப் பக்கம் இருப்பவை அதன் தலைவரின் சம்பந்திகளுக்குப் போயின. சின்னக் கட்சியான ஐக்கிய ஜனகல்யாணக் கட்சிக்குப் பாலைவனம் மிஞ்சியது.

அந்தக் கட்சி ஹோம்நாத் தவாடியின் பெயரை அனுப்பியது. தவாடிக்குக் காத்மாண்டுவில் இரண்டு மாடி கல்யாண மண்டபம். கட்சியின் கூட்டங்கள் எல்லாம் அங்கேதான். ஒருமுறை கட்சி உடைந்தபோதும் அங்கேதான் உடைந்தது. ஒரு பாதி மேல்மாடியில் உட்கார்ந்து மறுபாதியை நீக்கியது, மறுபாதி கீழே உட்கார்ந்து மேல்பாதியை நீக்கியது. தவாடி இரண்டு மாடிக்கும் ஒரே அண்டாவிலிருந்து ஆட்டுக்கறியும் சோறும் அனுப்பினார். அன்றிலிருந்து இரண்டு பாதியும் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்தன.

நியமனத்துக்கு முன்னால் பாராளுமன்றக் குழு அவரை விசாரித்ததை இந்திரமான் கைபேசியில் பார்த்தான். அந்த நாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார்.

"ஹஜூர்களே, நாடு எதுவா இருந்தா என்ன?" என்றார் தவாடி. "இங்க உட்கார்ந்திருக்கற எல்லாக் கட்சிக்காரங்களும் என் மண்டபத்துல சாப்பிட்டிருக்கீங்க. உப்பு கம்மின்னு ஒருத்தர் சொல்லியிருக்கீங்களா? எல்லார் இலையிலயும் சமமா பரிமாறத் தெரிஞ்சவன் நான். ராஜதந்திரம்னா வேற என்னங்க?"

குழு ஏகமனதாக ஒப்புதல் கொடுத்தது. தவாடி எதிர்பார்த்தது ஒரு குளிர்தேசம். அவர் மனைவி அதை நம்பி முழங்கால் வரைக்கும் வருகிற கம்பளிக் கோட்டுகள் நாலு தைத்து வைத்திருந்தார். தைத்தது வீணாகக் கூடாது என்று அவற்றோடுதான் பாலைவனத்தில் வந்து இறங்கினார்கள். தூதர் மாளிகையில் ஏ.சி. இயந்திரங்களைப் பதினாறு டிகிரியில் வைத்துவிட்டு, அம்மாள் கோட்டு போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பார்.

வந்த முதல் நாள் தவாடி ஊழியர்களைக் கூட்டிப் பேசினார். "இதுக்கு முன்னால இங்க என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியும். யார் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இனிமே என் கையெழுத்து இல்லாம இந்த ஆபீஸ்லேர்ந்து ஒரு துண்டுக் காகிதம் வெளிய போகக் கூடாது."

முதல் செயலாளர் பரசுராம் உபாத்தியாய் இதைக் குறித்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் வெளியுறவுத் துறையில் இருந்தவர். தவாடியையும் சேர்த்து ஏழு தூதர்களுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறார். தூதர் இல்லாத நாட்களில் சாவுக் கடிதங்களில் அவர்தான் கையெழுத்துப் போட்டுவந்தார். அன்று மதியமே அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதி, தன் மாதிரிக் கையெழுத்தைப் பதிவிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். உத்தரவென்றால் உத்தரவு.

மறுநாள் இந்திரமான் ஒன்பது கடிதங்களை எடுத்துக்கொண்டு தூதர் அறைக்குப் போனான். மேலே இருந்ததை ஒரு வரி படித்த தவாடி, சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னப்பா இது, வந்ததும் வராததுமா பொணமா?"

"ஒன்பது பேர் ஹஜூர். கையெழுத்து ஆனா வியாழக்கிழமை விமானத்துல போயிடுவாங்க."

"உனக்கு விஷயம் தெரியாது, உட்காரு." தவாடி குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஜோசியர் கண்டிஷனா சொல்லிட்டார். ஒரு நாட்டுல மொத கையெழுத்து எதுல விழுதோ, பதவிக்காலம் பூரா அதுதான் நடக்கும். மன்னர்கிட்ட நியமனப் பத்திரம் குடுக்கணும், அன்னிக்கே மங்களமா ஒரு காகிதத்துல மொத கையெழுத்துப் போடணும். அப்புறம் நீ எத்தனை பொணம் கொண்டுவந்தாலும் போடறேன். பத்து நாள் பொறுத்துக்க மாட்டாங்களா? அவங்களுக்கு இனிமே என்ன அவசரம்?"

இந்திரமான் உபாத்தியாயைப் பார்த்தான். உபாத்தியாய் கூரையைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் செயலாளர் ஹஜூர் போடலாமே?" என்றான்.

"தூதர் கையெழுத்தில்லாமல் துண்டுக் காகிதம் போகக் கூடாது என்பது உத்தரவு" என்றார் உபாத்தியாய். அவர் பேசினால் ஃபைல் பேசுவது மாதிரிதான் இருக்கும். "உத்தரவு பதிவாகிவிட்டது."

பத்து நாள் என்றது ஒரு மாதம் ஆயிற்று. மன்னர் வேட்டைக்குப் போயிருந்தார், திரும்பி வந்து மலை அரண்மனைக்குப் போனார், அங்கே அவருக்குச் சளி பிடித்தது. பிணவறையில் ஒன்பது முப்பத்தெட்டானது. ஊரிலிருந்து பெண்டாட்டிகளும் அப்பன்களும் போன் செய்தார்கள். கையெழுத்துக்குப் போயிருக்கு, வந்துடும் என்று இந்திரமான் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். சொல்லிச் சொல்லி, அது உண்மை மாதிரியே வாயில் வந்தது.

அசோஜ் மாதம் பத்தாம் தேதி, தசைன் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் பிணவறைத் தாள்கள் வந்தன. மூன்றாவது தாளை இந்திரமான் பெயர்த்துக்கொண்டிருந்தான். இறந்த தேதி அசோஜ் ஒன்பது. வயது இருபத்தெட்டு. காரணம், உறக்கத்தில் இதயம் நின்றது. அரபியில் பெயர்கள் எப்போதும் சிதைந்துதான் வரும் என்பதால் அவன் பெயரைக் கடைசியில்தான் எழுதுவான். தகப்பன் பெயர் என்ற இடத்துக்கு வந்தபோது அங்கே அவன் அப்பாவின் பெயர் இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு நேராகத் தூதர் அறைக்குள் போனான், கதவைக்கூடத் தட்டவில்லை. தவாடி விஷயத்தைக் கேட்டார். எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவர் அழுததில் பொய் இல்லை, சட்டைக் காலர் நனைந்தது. தானே டீ வரவழைத்து, தானே சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார்.

"உன் தம்பின்னா எனக்கும் தம்பிதாண்டா" என்றார். "இங்க பாரு, நான் பரிமாறற ஆளு. ஒரு இலைக்கு மட்டும் தனியா கவனிச்சா பந்தியே எழுந்துடும். முப்பத்தெட்டு பேர் காத்திருக்கறப்ப உன் தம்பிக்கு மட்டும் போட்டா, நாளைக்கு இந்திரமான் சலுகை வாங்கினான்னு உன் பேர்தான் கெடும். உனக்காகத்தான் சொல்றேன்."

தேவ்கலாவுக்கு அவன் அன்று சாயங்காலம் போன் செய்தான். அவள் கத்தவில்லை. "எப்ப கூட்டிட்டு வருவீங்க, அத்தான்?" என்று மட்டும் கேட்டாள். கையெழுத்துக்குப் போயிருக்கு, வந்துடும் என்றான் இந்திரமான்.

இதற்கிடையில் தூதர் மாளிகையில் ஒத்திகை நடந்தது. மன்னரிடம் பத்திரம் கொடுக்கப் போகிறவர் எத்தனை அடி நடக்க வேண்டும், எங்கே நின்று தலை குனிய வேண்டும், முதுகைக் காட்டாமல் எப்படிப் பின்னால் வர வேண்டும் என்று உபாத்தியாய் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். தவாடி தௌரா சுருவால் என்கிற நேபாள உடையும் தொப்பியும் அணிந்து தினம் காலையில் நடப்பார். பின்னால் வரும்போது ஒவ்வொரு தடவையும் டீப்பாயில் முட்டிக்கொள்வார். மன்னராக உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது. அரபி தெரிந்தவன் இந்திரமான் ஒருவன்தான். தீட்டுக்காரன் ஆயிற்றே என்று அம்மாள் முணுமுணுத்தார். மன்னருக்கு நம்ம தீட்டு கிடையாது என்று தவாடி அடக்கிவிட்டார்.

ஆக, தம்பி பிணவறையில் கிடக்க, இந்திரமான் தினமும் ஒரு மணி நேரம் சோபாவில் மன்னராக உட்கார்ந்தான். தூதர் அவன் முன்னால் குனிந்து பத்திரத்தை நீட்டுவார். அவன் வாங்கி உபாத்தியாயிடம் கொடுப்பான். பிறகு மன்னர் இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். உங்கள் ஜனாதிபதி நலமா என்பது ஒன்று. எங்கள் நாட்டில் உங்களுக்குக் குறை ஏதும் உண்டா என்பது மற்றொன்று. நலம், குறையேதும் இல்லை என்று தூதர் சொல்ல வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் ஒத்திகையில் மன்னர் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டார்.

"என் பிணவறையில உங்க ஆளுங்க ஐம்பத்திரண்டு பேர் கிடக்கறாங்களே, ஏன் எடுத்துட்டுப் போகல?"

தவாடி குனிந்த நிலையிலேயே உபாத்தியாயைப் பார்த்தார். "இப்படியெல்லாம் கேப்பாங்களா?"

"கேட்கும் வழக்கமில்லை" என்றார் உபாத்தியாய். "கடந்த முப்பது வருஷப் பதிவில் இல்லை."

"அப்பாடா. பயமுறுத்திட்டியேடா" என்று தவாடி நிமிர்ந்தார். "நீ எழுதிக் குடுத்ததை மட்டும் கேளு. நாளைக்கு வேற ஆளை மன்னராக்கிடுவேன்."

கார்த்திக் மாதம் பிணவறை நிரம்பியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எட்டுக் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, நேபாளிகளைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் கிடங்கின் குளிர் அறைக்கு மாற்றினார்கள். இந்திரமான் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தான். மரத்தட்டு அடுக்குகளில் ரூபக் இரண்டாவது தட்டில் இருந்தான். காலில் கட்டிய அட்டையில் எண் மட்டும்தான் இருந்தது. இந்திரமான் தன் பேனாவால் பெயரையும் எழுதிவிட்டு வந்தான். சட்டையில் ஒட்டிய மீன் நாற்றம் மூன்று தடவை துவைத்தும் போகவில்லை.

தேவ்கலா போன் செய்தாள். "அத்தான், புரோகிதர் வந்திருந்தார். சிதையேறாத ஆத்மா அலையும்ங்கறார். அத்தை சோறு திங்கறதில்ல. அவர் உடம்பு வருமா, வராதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"வரும்."

"எப்ப?"

உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் பொம்மை கட்டி எரித்துக் காரியம் செய்வது ஊரில் வழக்கம். ஆற்றில் போனவர்களுக்கும் பனியில் புதைந்தவர்களுக்கும் செய்வார்கள். திஹார் பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கும்போது ஓகல்டுங்காவில் ரூபக்கைத் தர்ப்பையால் கட்டினார்கள். அவனுடைய நீலச் சட்டையைப் போர்த்தி ஆற்றங்கரையில் எரித்தார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். தேவ்கலா வளையலை உடைத்து வெள்ளை உடுத்தினாள். மீன் கிடங்கின் இரண்டாவது தட்டில் ரூபக் அப்படியே இருந்தான்.

பூஸ் மாதம் நாலாம் தேதி மன்னர் கடைசியில் தவாடியைப் பார்த்தார். சந்திப்பு ஆறு நிமிஷம் நடந்தது. ஜனாதிபதி நலம், குறையேதும் இல்லை. அரண்மனையில் டீப்பாய் இல்லாததால் தூதர் எதிலும் முட்டிக்கொள்ளவில்லை. தூதரகத்துக்குத் திரும்பியதும், ஜோசியர் குறித்த பதினொன்று இருபதுக்கு, மங்களமான முதல் கையெழுத்தைப் போட்டார். அது காரில் கட்டும் கொடியைப் புதிதாகத் தைப்பதற்கான ஒப்புதல்.

இந்திரமான் நூற்றிரண்டு கடிதங்களை இரண்டு கைகளிலும் அணைத்துக்கொண்டு வாசலில் நின்றான். தவாடி பேனாவைத் திறந்துகூடவிட்டார். அப்போதுதான் உபாத்தியாய் தொண்டையைச் செருமினார்.

"அரையாண்டு அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கிறது, ஹஜூர். அனுப்பிவிட்டுக் கையெழுத்திட்டால் கணக்கு குழம்பாது."

அறிக்கையில் ஒன்பதாவது பத்தி, தூதர் பொறுப்பேற்றதிலிருந்து இறந்த நேபாளிகளின் எண்ணிக்கை. தூதரகம் கொடுத்த தடையில்லாக் கடிதங்களை எண்ணித்தான் அதை நிரப்புவார்கள். கடிதமே கொடுக்கவில்லை. உபாத்தியாய் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

தவாடி அந்தக் கோட்டை வெகு நேரம் பார்த்தார். "போன ஆள் காலத்துல எத்தனை?"

"நூற்று எண்பத்தாறு."

"என் காலத்துல?"

"இல்லை, ஹஜூர்."

தவாடியின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப மீன் கிடங்குல இருக்கறவங்க யாரு ஹஜூர்?" என்று கேட்டான் இந்திரமான்.

"அவர்கள் நிலுவை" என்றார் உபாத்தியாய். "நிலுவையை இறப்பில் சேர்க்க விதி இல்லை."

"கேட்டுக்கிட்டியா? விதி இல்லையாம்" என்றார் தவாடி. "இந்திரமான், நீயே உட்கார்ந்து அழகா டைப் அடிச்சுடு. அறிக்கை இன்னிக்குப் போகட்டும். நாளைக்குக் காலைல மொத காகிதம் உன் தம்பியோடதுதான். என் குலதெய்வத்து மேல சத்தியம்."

இந்திரமான் அடித்தான். ஒன்பதாவது பத்திக்கு வந்தபோது, ‘இல்லை’ என்ற அந்த ஒரு வார்த்தையை அடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது. ஒரு வார்த்தைதானே, நாளைக் காலையில் ரூபக் கிளம்பிவிடுவானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடித்தான்.

அறிக்கை காத்மாண்டு போய்ச் சேர்ந்த அன்றே அமைச்சர் அதைப் பாராளுமன்றத்தில் வாசித்துவிட்டார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தொழிலாளர் உயிரைக் காத்த தூதர் என்று தொலைக்காட்சியில் ஓடியது. எப்படிச் சாதித்தீர்கள் என்று போனில் கேட்ட நிருபரிடம், "நேரடிக் கண்காணிப்புதாங்க. என் கண்ணுல படாம இங்க ஒருத்தரும் சாக முடியாது" என்றார் தவாடி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இந்திரமான் தம்பியின் கடிதத்தோடு போனான். தவாடி அவனைப் பார்த்த பார்வையில் பழைய பாசம் அப்படியே இருந்தது.

"சத்தியம் பண்ணினேன், இல்லேங்கல. ஆனா நிலைமையைப் பாரு. பாராளுமன்றத்துலயே சொல்லியாச்சு. இப்ப நான் ஒண்ணுல கையெழுத்துப் போட்டா ஒருத்தன் செத்த கணக்கு. நூத்திரண்டுலயும் போட்டா, ஒரே நாள்ல நூத்திரண்டு பேரை நான் கொன்ன மாதிரி ஆயிடாதா? நாட்டு மானம் என்னாகும்?"

"என் தம்பி, ஹஜூர்."

"நாட்டுக்காக ஒரு தியாகம் பண்றான்னு நினைச்சுக்க" என்றார் தவாடி.

மாக் மாதம் கூட்டணி உடைந்தது. கட்சிகள் வைத்த தூதர்கள் எல்லாரும் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. தவாடி நூற்று முப்பத்துநாலு கடிதங்களில் ஒன்றிலும் கை வைக்காமல், மாக் இருபதாம் தேதி நாலு கோட்டுகளோடு விமானம் ஏறினார். உபாத்தியாய் எட்டாவது தூதருக்காகக் கதவைத் துடைத்து வைத்துவிட்டு, தன் மாதிரிக் கையெழுத்தை மறுபடி பதியச் சொல்லி எழுதினார். அது பதிவாக மூன்று வாரம் ஆயிற்று. விமானத்துக்கு நாலு பெட்டி வீதம் சாவு வரிசைப்படியே இந்திரமான் அனுப்பினான். தம்பியை முன்னால் தள்ள அவனுக்கு மனம் வரவில்லை. முப்பத்தொன்பதாவதாக ரூபக்கின் முறை வந்தபோது லீவு போட்டுவிட்டு அதே விமானத்தில் ஏறினான்.

காத்மாண்டு விமான நிலையத்தில் சரக்கு வாசலில் ஒரு அதிகாரி இருந்தார். சின்ன வயசு, கம்ப்யூட்டர் முன்னால் குல்லாய் போட்டு உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கித் தேதியை அடித்தார். மறுபடி அடித்தார்.

"அண்ணா, இது ஏறமாட்டேங்குது."

"என்ன ஏறல?"

"அசோஜ் ஒன்பது. அந்த நாட்டுக்கு பதாவ் மாசத்துலேர்ந்து மாக் இருபது வரைக்கும் சாவே இல்லைன்னு மேலேர்ந்து மூடிட்டாங்க. தவாடி ஹஜூர் காலம். பாராளுமன்றத்துல வந்ததாச்சே, நீங்க கேக்கலியா? முன்ன வந்த பெட்டி அத்தனையும் இங்கதான் குளிர் அறையில நிக்குது. கமிட்டி போட்டிருக்காங்க."

"கமிட்டி எப்ப முடிவு சொல்லும்?"

"தலைவரை இன்னும் போடல."

பயணிகள் வாசல் பக்கம் மேளம் கேட்டது. அங்கே கட்சிக் கொடிகளோடு ஒரு கூட்டம். நடுவில் சாமந்தி மாலைகள் காது வரைக்கும் ஏறியிருக்க, முழங்கால் நீளக் கம்பளிக் கோட்டில் நின்றுகொண்டிருந்தார் ஹோம்நாத் தவாடி. அவர் கட்சியின் மேல்மாடிப் பாதி புதிய அரசில் சேர்ந்துவிட்டது. இந்தத் தடவை ஐரோப்பா. பாராளுமன்றக் குழுவில் சாதனையாளர் என்று சொல்லி ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டுவிட்டார்களாம்.

இந்திரமான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தான். தவாடி உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அடடே, நம்ம மன்னர்!" என்று கட்டிக்கொண்டார்.

"ஹஜூர், தம்பியைக் கொண்டாந்துட்டேன். பெட்டி அந்த வாசல்ல நிக்குது. உங்க காலத்துல செத்தவன்னு வெளிய விட மாட்டேங்கறாங்க. செத்தது நிஜம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஒரே ஒரு வரி."

தவாடியின் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது. "அந்த அறிக்கையை அடிச்சது யாரு? நீதானே? உன் கையால அடிச்சதை நீயே பொய்ங்கறியா? என்னை விடு, உன் வேலை என்னாகும்?" பிறகு காதருகே குனிந்தார். "அதுவும் இல்லாம நான் இன்னிக்குத்தான் கிளம்பறேன். அங்க ராணிகிட்ட பத்திரம் குடுக்கற வரைக்கும் சாவுக் காகிதம் கண்ணுல கூடப் படக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லியிருக்கார். நீ தெரிஞ்ச ஆளு, உனக்கு விளக்கணுமா?"

தன் மாலைகளில் ஒன்றைக் கழற்றி இந்திரமானின் கழுத்தில் போட்டுவிட்டு அவர் உள்ளே போனார். கூட்டம் கை தட்டியது. சிலர் இந்திரமானையும் படம் எடுத்தார்கள்.

மாலையோடு திரும்பி வந்தவனைப் பார்த்து அதிகாரி எழுந்து நின்றார். கொஞ்சம் நெருக்கமாகப் பேசினார்.

"அண்ணா, உங்களுக்கு அங்க செல்வாக்கு இருக்குன்னு தெரியாமப் போச்சு. ஒரு வழி சொல்றேன். அரபித் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு இங்க யாருக்குத் தெரியும்? நாங்க பாக்கறது நேபாளிப் பெயர்ப்பு ஒண்ணைத்தான். பெயர்த்தது யாரு?"

"நான்தான்."

"முத்திரை?"

"பையில இருக்கு."

"அப்புறம் என்ன? மாக் இருபத்தொண்ணுன்னு போட்டுடுங்க. தவாடி ஹஜூர் காலம் இருபதோட முடிஞ்சுது. நீங்க இன்னிக்கே கிளம்பிடலாம்."

இந்திரமான் பெட்டியைப் பார்த்தான். காலில் கட்டிய அட்டையில் அவன் எழுதிய பெயர் உள்ளே எங்கோ இருந்தது. மாதக்கணக்கில் மீன்களுக்கு நடுவே கிடந்தவனை இன்னொரு குளிர் அறையில் கமிட்டிக்காக விட்டுவிட்டுப் போக அவனால் முடியாது. புதுத் தாள் வாங்கி எழுதினான். ரூபக் பஸ்னேத், வயது இருபத்தெட்டு, உறக்கத்தில் இதயம் நின்றது, மாக் இருபத்தொன்று. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினான். கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது.

"பாத்தீங்களா, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார் அதிகாரி.

ஜீப்பின் தலையில் பெட்டியைக் கட்டி, ஒன்றரை நாள் மலையேறி ஊர் போய்ச் சேர்ந்தான். முற்றத்தில் ஊரே நின்றது. அம்மா பெட்டியின் மேல் விழுந்து கிடந்தாள். புரோகிதர் முதலில் காகிதத்தைக் கேட்டார். எப்போது செத்தான் என்று தெரிந்தால்தான் திதி சொல்ல முடியும். வாங்கிப் படித்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"மாக் இருபத்தொண்ணா?" என்றார். "அரசாங்க முத்திரை இருக்கே. அப்ப கார்த்திக்குல நாம உசுரோட இருந்தவனுக்கா கொள்ளி வச்சோம்? ஐயையோ, மகா பாவம். அந்தக் காரியம் செல்லாது. எல்லாத்தையும் மொதல்லேர்ந்து செய்யணும்."

"அது வேற... அதெல்லாம் காகிதத்துக்காக" என்றான் இந்திரமான்.

வெள்ளைப் புடவையில் தூணோரமாக நின்றிருந்த தேவ்கலா வந்து புரோகிதரின் கையிலிருந்து தாளை வாங்கினாள். ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அடியில் இருந்த முத்திரையையும் அதற்குப் பக்கத்தில் இருந்த அவன் கையெழுத்தையும் பார்த்தாள். அவன் கழுத்தில் இன்னும் கழற்றாமல் கிடந்த சாமந்தி மாலையைப் பார்த்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே, அத்தான்?"

"ஆமா."

அவள் தாளை நாலாக மடித்தாள். பெட்டியின் அருகே உட்கார்ந்து மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தசைனுக்கு இருந்திருக்கார். திஹாருக்கு இருந்திருக்கார். நான் வளையலை உடைச்சப்பவும் இருந்திருக்கார்" என்றாள். "அசோஜ் ஒன்பதுக்கு அப்புறம் நாலு மாசம் பன்னிரண்டு நாள். ஒரு போன் கூடப் பண்ணலையே."